பாதி டேங்க்கில் திரும்பியவனுக்கு

மச்சான்,

மூங்கிலை விட்டுப் பெட்ரோல் வாசனை போகவே போகாது போலிருக்கிறது. பையில் துணிகளுக்கு நடுவே செருகி வைத்திருந்த உன் அளவுக்குச்சியை இப்போதுதான் வெளியே எடுத்தேன். சட்டை, துண்டு, கைலி என்று அத்தனையும் நாறுகிறது. என் மனைவி இதைப் பார்த்தால் பையையும் என்னையும் சேர்த்து வாசலிலேயே நிறுத்திவிடுவாள். ஒரு முழ நீளம், விரல் அகலம், நீயே சீவி எடுத்த பட்டை. லிட்டருக்கு ஒரு கோடு என்று பிளேடால் கீறியிருக்கிறாய். நடுவில் ஒரு கோடு மட்டும் மற்றவற்றைவிட ஆழம். அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன், உடனே உன்மேல் கோபம் வந்தது. நீ போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இன்னமும் அந்தக் கோட்டைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, என்ன செய்ய.

எங்கே உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்று கேட்பாய். சொல்ல மாட்டேன். உன் அப்பா கேட்கும்போதெல்லாம் அவரைக் காக்க வைப்பாயே, கை கால் கழுவி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, சட்டையை ஆணியில் மாட்டிய பிறகுதானே வாயைத் திறப்பாய்? அதே மாதிரி நீயும் இரு. கடைசியில் சொல்கிறேன்.

நான் திருச்சிப் பக்கத்திலிருந்து கல்பாக்கத்துக்கு வேலைக்கு வந்த புதிது. தொண்ணூறுகளின் தொடக்கம். ஊருக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பி, செங்கல்பட்டில் இறங்கி, பஸ்ஸைத் தவறவிட்டு நின்றுகொண்டிருந்தேன். டப டபவென்று ஒரு பழைய வண்டி வந்து பக்கத்தில் நின்றது. ஒர்க் ஷாப்பில் எதிர் மேஜையில் நிற்கிறவன் நீ, அதுவரை நாம் நாலு வார்த்தை பேசியதில்லை.

"இன்னா மச்சான், பஸ்ஸ வுட்டுட்டு முழிச்சிக்கினு கீற? குந்து."

எனக்கு அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது. எந்த உறவில் நான் இவனுக்கு மச்சான் ஆனேன் என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். கிளம்புவதற்கு முன் நீ வண்டியை இடுப்பால் ஒரு ஆட்டு ஆட்டி, டேங்க்கில் காதை வைத்துக் கேட்டாய். உள்ளே பெட்ரோல் சளக் என்றது. "போதும்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. வைத்தியர் மாதிரி காது வைத்துக் கேட்கிறானே என்று நினைத்தேன். அந்த வண்டியில் பெட்ரோல் முள் எல்லாம் கிடையாது. பதின்மூன்று லிட்டர் பிடிக்கும், லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர் போனால் அதிகம் என்று கொளவாய் ஏரி தாண்டுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாய். வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. பிறகு எத்தனையோ வருஷம் நாம் பேசியதில் பாதி, டேங்க் கொள்ளளவைப் பற்றித்தானே?

என்னைக் குவார்ட்டர்ஸில் இறக்கிவிடாமல் நேரே உன் வீட்டுக்குக் கூட்டிப் போனாய். திருக்கழுக்குன்றம் தாண்டி, வயல்களுக்கு நடுவில். அங்கே முதலில் கண்ணில் பட்டது ஜன்னலோர இரும்புக் கட்டில். அதில் உன் அப்பா. பக்கவாதம் அவருடைய ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டிருந்தது. நாக்கும் கொஞ்சம் குழறியது. ஆனால் அந்தக் குழறல் நாக்கை வைத்துக்கொண்டே மனுஷர் ஊரையே கிண்டல் பண்ணுவார். அந்தக் காலத்தில் லாரி ஓட்டியவர். மரக்காணத்தில் உப்பு ஏற்றிக் கோழிக்கோட்டில் இறக்குவார், அங்கிருந்து சீமை ஓடு ஏற்றி இங்கே கொண்டுவருவார். உன் வீட்டுக் கூரையில் இருந்ததுகூட அப்படி வந்த ஓடுதான்.

"தம்பி, நம்ம கடல்ல சூரியன் எந்திரிக்கிறத தான பாத்துக்கினு கீறோம்? அந்தாண்ட கடல்ல அது உள்ள எறங்கறத பாத்துக்கீறியா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"தண்ணியத் தொட்டதும் சொய்ங்னு ஒரு சத்தம் வரும். பழுக்கக் காஞ்ச இரும்பத் தொட்டியில வுட்டா வருமே, அந்த மாதிரி."

நீ உள்ளேயிருந்து கத்தினாய். "நம்பாத மச்சான். சின்னப் புள்ளையிலருந்து இத்தயே சொல்லிக்கினு கீறாரு. நான் இஸ்கூல்ல போயி சொல்லி வாத்தியார்கிட்ட அடி வாங்கினேன்."

"உங்க வாத்தியாரு கோழிக்கோடு போயிக்கீறாரா?" என்றார் அப்பா.

"ஒரு நாளைக்கி நானே போயி கேட்டுட்டு வந்து சொல்றேன் நைனா."

"வந்து சொல்லு. நான் எங்க போயிடப் போறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நீயும் சிரித்தாய். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த வீட்டில் யாருமே எங்கேயும் போக முடியாது என்பது ஒரு சாயங்காலத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அப்பாவைக் காலையில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை தூக்கிப் புரட்டி, துடைத்து, பவுடர் போட்டுப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். உன் பெண்டாட்டியால் தனியாகத் தூக்க முடியாது. நெடிய உடம்பு அவருக்கு. ஆகவே நீ இருந்தே ஆக வேண்டும். உன் ஷிப்ட், உன் சாப்பாடு, உன் தூக்கம் எல்லாமே அந்த இரண்டு புரட்டலுக்கு நடுவில் அடங்கியாக வேண்டும்.

அந்த நடுப்பொழுதுக்குள்தான் நாம் ஊர் சுற்றினோம். விடுமுறை நாளில் அப்பாவைக் காலையில் புரட்டிவிட்டுக் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவோம். வடக்கே முட்டுக்காடு, தெற்கே மரக்காணம், சில நாள் பாண்டிச்சேரி. போகிற இடத்தில் உனக்கு ஒரு வேலையும் இருக்காது. ஒரு டீ குடிப்பாய், சுற்றுமுற்றும் பார்ப்பாய், திரும்பிவிடுவாய். எனக்குப் புரிய நாளாயிற்று. நீ பார்த்துக்கொண்டிருந்தது உனக்காக இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் ஜன்னலோரத்திலிருந்து குரல் வரும்.

"எது வரிக்கும் போன?"

சொம்புத் தண்ணீர், ஆணியில் சட்டை. அப்புறம் நீ கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பிப்பாய். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுநடுவே குறுக்கிடுவார். "அந்த எறக்கத்துல வலது கைப்பக்கம் ரெட்டைப் புளியமரம் கீதா?" "வெட்டிட்டாங்க நைனா. ரோட்ட அகலம் பண்றாங்க." "பூட்ச்சா? அதும் நெழல்ல எத்தினி நாளு வண்டிய போட்டுட்டுத் தூங்கிக்கீறேன்." அவருடைய நல்ல கை போர்வைமேல் கியர் போட்டுக்கொண்டிருக்கும். நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த நாள். லாரி ஸ்டிரைக் என்று பேப்பரில் போட்டிருந்தான், நாம்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாண்டிச்சேரியில் நிரப்பிக்கொண்டு கடலூர் வரை போகலாம் என்று கிளம்பினோம். போன பங்க்கில் எல்லாம் ஸ்டாக் இல்லை என்று கயிறு கட்டி வைத்திருந்தார்கள். பெட்ரோல் குழாயை ரிசர்வுக்குத் திருப்பி, வந்த வழியே வண்டியை விட்டோம். நாலைந்து ஊர் வந்திருப்போம், வண்டிக்கு மூச்சு நின்றுவிட்டது. அந்தக் கனத்த வண்டியை வெயிலில் தள்ளியது எனக்கு மறக்காது. சவுக்குத் தோப்பு வந்தால் நீ தள்ளுவாய், வெட்ட வெளி வந்தால் என்னைத் தள்ளச் சொல்வாய். அடப்பாவி, அப்போதுகூட ஒரு கணக்கு. கடைசியில் ஒரு மொபெட்காரர் இரக்கப்பட்டு ஒரு பாட்டில் உறிஞ்சிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்தாயிற்று.

அப்பா சிமெண்டுத் தரையில் கிடந்தார். மத்தியானமே கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார். அக்கம்பக்கத்தில் ஆம்பளை என்று ஒருவர் இல்லை, எல்லாரும் நடவுக்கோ திருவிழாவுக்கோ போயிருந்தார்கள். தூக்கிப் பார்த்துத் தூக்கிப் பார்த்து முடியாமல், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் பெண்டாட்டி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். ஈரம் தரையெல்லாம் பரவிக் காய்ந்திருந்தது. நாம் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு தோளாகத் தூக்கும்போது அந்த மனுஷர் உன் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எது வரிக்கும் போன?"

அவரைக் கட்டிலில் கிடத்தினாய். சொம்பும் இல்லை, சட்டையும் இல்லை. கொல்லைப்புறம் போய் வெகு நேரம் நின்றுகொண்டிருந்தாய்.

அதற்கடுத்த வாரம் முதல் குச்சி பிறந்தது. டேங்க்கைக் காலி பண்ணி, லிட்டர் லிட்டராக ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் குச்சியைவிட்டு ஈரம் ஏறிய இடத்தில் கீறினாய். நடுக்கோட்டை மட்டும் இரண்டு மூன்று தடவை அழுத்திக் கீறினாய். "மச்சான், இனிமேட்டு எவன் பங்க்கயும் நம்பறதா இல்ல. வூட்லேருந்து கெளம்பசொல்ல இன்னா கீதோ அதான் கணக்கு. இந்தக் கோட்டுக்கு வந்துட்டா எங்க கீறமோ அங்கியே திரும்பணும்" என்றாய். நான் தலையாட்டினேன். அந்தச் சமயத்தில் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்தக் கோடு நம்மை என்ன பாடு படுத்தியது! கொள்ளிடம் பாலம் நமக்கு எல்லைக்கல் ஆகிப்போனது. பாலத்தின் நடுவில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுவாய், மூடியைத் திறப்பாய், குச்சியை விடுவாய், வெளியே எடுத்து வெயிலில் காட்டுவாய். ஈரம் சர்ரென்று காய்வதற்குள் பார்த்தாக வேண்டும். "வந்துட்ச்சி" என்பாய். அந்தப் பக்கம் போகிற பஸ்களையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் நிற்பேன். பாலத்தின் மறுமுனையில் ஒரு இளநீர்க்காரர் இருந்தார். எத்தனையோ வருஷம் அவரைப் பார்த்தேன், அவரிடம் ஒரு இளநீர் வாங்கிக் குடித்ததில்லை.

சதுரங்கப்பட்டினம் டீக்கடை பெஞ்சில் நாம் போட்ட சண்டைகள் கொஞ்சமா? "டேய், உன் கணக்குப்படி கோழிக்கோடு போகணும்னா உனக்கு மோட்டார் சைக்கிள் பத்தாது, ஆயில் லாரிதான் வேணும்" என்று நான் சொன்னதும் கடைக்காரர் டீயைச் சிந்திவிட்டார். நீ சிரிக்கவில்லை. பெரிய டேங்க் கட்டலாமா என்று கேட்டாய். டேங்க்கைப் பெரிதாக்கினால் கனம் கூடும், கனம் மேலே ஏறினால் மணலில் திருப்பும்போது வண்டி ஆளைத் தள்ளும், பின்னால் நானும் உட்கார்ந்தால் லிட்டருக்கு முப்பது இருபத்தாறாகும், எதிரே கடல் காற்று அடித்தால் அதிலும் குறையும், ஆகக் கூடுதலாக ஊற்றுகிற பெட்ரோலில் ஒரு பங்கைச் சுமப்பதற்கே செலவு பண்ணுவாய் என்று நான் அடுக்கினேன். சரி, பக்கவாட்டில் கேன் கட்டலாம் என்றேன். "கேனு வெயில்ல ஊதும். மூடிய தொறந்தா மூஞ்சில அடிக்கும். என்னாண்ட அந்த பேஜாரு வேணாம்" என்றாய். வழியெல்லாம் பங்க் இருக்கிறதேடா, தடுக்கி விழுந்தால் பங்க், பின் எதற்கு இந்தப் பாடு என்று நான் மேஜையைத் தட்டிக் கேட்டபோது, நீ என் முகத்தைப் பார்க்காமல் டீ கிளாஸைச் சுழற்றிக்கொண்டே இருந்தாய். அன்று தரையில் கிடந்த அப்பா உன் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கிறார் என்று எனக்கும் தெரிந்தது.

அப்பாவிடம் கேட்டாயே, அதுதான் வேடிக்கை. "எத்தினி லிட்டரு போட்டா சரியா இருக்கும் நைனா?"

அவர் யோசித்தார். "டேங்க்கு இன்னா டேங்க்கு. என் வண்டில எரநூறு லிட்டரு புடிக்கும். அத்த முழுசா ரொப்பிக்கினு நான் ஒரு நாளும் போனதில்ல. பாதிதான் ரொப்புவேன். மீதி, போற வழில எவனாச்சும் குடுப்பான்னு ஒரு நம்பிக்க." பிறகு உன்னைப் பார்த்து, "நீ என்னிய நெனச்சிக்கினு ஓட்டாதடா. ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார்.

நீ கேட்கவில்லை. அவர் சொன்னதை நீ எந்தக் காலத்தில் கேட்டாய்?

செங்கல்பட்டில் ஒரு டிங்கரிங் பட்டறையில் டேங்க்கை இரண்டாகப் பிளந்து, நடுவில் தகடு சேர்த்து ஒட்ட வைத்தாய். பெட்ரோல் டேங்க்கில் நெருப்பு வைப்பது என்றால் சும்மாவா? உள்ளே இருக்கும் ஆவி வெடிக்கக்கூடாதென்று முதலில் தண்ணீர் நிரப்பி அலசிய பிறகுதான் பற்றவைத்தார் பட்டறைக்காரர். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாய். முடிந்ததும் சோப்பு நுரை தடவி ஊதிப் பார்த்தார்கள், ஒரு குமிழ்கூட வரவில்லை. இருபத்து நாலு லிட்டர். அந்த வயிற்றோடு வண்டி நிறைமாதக்காரி மாதிரி நின்றது. "இன்னா சார், துபாயிக்கா போறீங்க?" என்று கேட்டார் பட்டறைக்காரர். "கோழிக்கோடுண்ணே" என்றாய் நீ, என்னவோ மறுநாளே கிளம்புகிறவன் மாதிரி. புதிதாகக் குச்சி சீவினாய். இதோ, இந்தக் குச்சிதான். இந்தக் கணக்கில் பாதி என்பது பவானி வரை. கடலுக்குப் பாதி வழி தாண்டியாயிற்று, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாய்.

மதுராந்தகத்திலிருந்து உன் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் கோடை விடுமுறையில் ஒரு வாரம் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. ஒரு வருஷம் அவள் பையனுக்குப் பரீட்சை. ஒரு வருஷம் அவள் மாமியாருக்கு ஆபரேஷன். இன்னொரு வருஷம் எனக்கே லீவு கிடைக்கவில்லை. உப்புக் காற்றில் காலி டேங்க் உள்ளுக்குள் துருப்பிடித்துவிடும் என்று நீ அதை எப்போதும் விளிம்பு வரை நிரப்பியே வைத்திருந்தாய். பெட்ரோல் பழசாகிவிடக்கூடாது என்று வாரம் தவறாமல் மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று சுற்றிச் சுற்றி வந்து எரிப்போம், மறுபடி நிரப்புவோம். கோழிக்கோடு போக வேண்டிய பெட்ரோல் எத்தனை தடவை கொளவாய் ஏரியைச் சுற்றியே தீர்ந்துபோனது! நெம்மேலியில் சவுக்குத் தோப்பை ஒட்டி நாம் உட்காரும் இடத்தில் ஒருநாள் நான் கத்தினேன், "செக்குமாடுடா நாம!" என்று. "அதுக்கு கண்ணக் கட்டி வுட்ருப்பாங்க. நமக்கு எல்லாம் தெரியுது, அதான் பேஜாரு" என்றாய்.

அப்பா போனபோது நீ அழவில்லை. கடற்கரையோரம் புதுச் சாலை போட்டு முடித்து, அதில் போவதற்கே சுங்கம் வாங்க ஆரம்பித்திருந்த காலம். காரியமெல்லாம் முடிந்து, கட்டிலை மடக்கிச் சுவரோரம் சாத்தியபின் ஒருநாள் காலையில் வண்டியோடு என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாய். "கெளம்பு மச்சான்" என்றாய். அவ்வளவுதான். இனி உன்னை நிறுத்த யாருமில்லை என்று நினைத்தேன். இப்படி நினைக்கலாமா என்று வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் நினைத்தேன். ஓடிப்போய் இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, ஆத்தூர், சேலம். நீ பாடிக்கொண்டே ஓட்டினாய், காற்றில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பவானியில் பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தினாய். சென்டர் ஸ்டாண்டில் போட்டாய். மூடியைத் திறந்து குச்சியை விட்டாய். எதிர்ச்சாரியில், நான் சத்தியமாகச் சொல்கிறேன், கூப்பிடு தூரத்தில் ஒரு பங்க். ஆள் சும்மா நின்று பல் குத்திக்கொண்டிருக்கிறான். நீ குச்சியை வெயிலில் காட்டி, "வந்துட்ச்சி" என்றாய்.

"வந்துச்சுன்னா நிரப்பு. தோ இருக்கு பங்க்."

"போதும் மச்சான். திரும்பலாம்."

உனக்குப் பைத்தியமா என்று கேட்டேன். அங்கே யாருடா உன்னைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள், எந்தக் கட்டிலில் யார் விழுந்து கிடக்கிறார்கள், இன்னும் பாதி வழிகூட இல்லையேடா கடலுக்கு, என்று நடு ரோட்டில் நின்று கத்தினேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் சட்டையைப் பிடித்துவிட்டேன். நீ என் கையை எடுத்துவிடக்கூட இல்லை.

"போயி பாத்துட்டு வந்து யாராண்ட மச்சான் சொல்லுவேன்?"

உன் சட்டையை விட்டேன். பிறகு, "எங்கிட்ட சொல்லுடா" என்றேன்.

"நீதான் கூடவே கீறியே."

நீ வண்டியைத் திருப்பினாய். பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஏது ஹேண்டில்? ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆத்தூர் வரும்போது அந்த முதுகு குலுங்கியது. ரோடு நன்றாகத்தான் இருந்தது. உன் அப்பாவுக்காக நீ அழுதது அங்கேதான், எனக்கு மட்டும் தெரியும்.

அதற்குப் பின் நீ ஓட்டியதெல்லாம் வீட்டுக்கும் வேலைக்கும் மட்டும். டேங்க்கை நிரப்பி வைப்பதை மட்டும் விடவில்லை. ஒருநாள் ஷிப்ட் முடிந்து சட்டை மாற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆம்புலன்ஸ் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் தலை என் மடியில் இருந்தது. எது வரைக்கும் போனாய் என்று கேட்கக்கூட நேரம் கொடுக்கவில்லையே நீ.

தங்கச்சிதான் வண்டியை எடுத்துப்போகச் சொன்னாள். "அண்ணா, மழையில நனஞ்சிக்கினு கீது, பாக்கவே முடியல. இத்தயும் எடுத்துனு போங்க" என்று இந்தக் குச்சியையும் கையில் கொடுத்தாள். கொண்டுவந்து குவார்ட்டர்ஸ் ஷெட்டில் நிறுத்தினேன். நானும் நிரப்பி வைத்தேன். நானும் வாரம் தவறாமல் மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று சுற்றி எரித்தேன். உன் வியாதி அப்படியே எனக்கு ஒட்டிக்கொண்டது, பாவி. இரண்டு முறை கோழிக்கோட்டுக்கென்றே தனியாகக் கிளம்பினேன். சேலத்தில் குடும்பப் பொறுப்பு ஞாபகம் வந்தது, பவானியில் கை தானாகத் திருப்பியது. இரண்டாம் முறை திரும்பி வந்தபோது என் மனைவி கதவைத் திறந்தவள் உள்ளே விடாமல் நின்றாள். "இன்னும் எத்தனை வருஷத்துக்கு இப்படிப் பாதியில திரும்பி வந்து என் முகத்தைப் பார்ப்பீங்க? நான் என்ன உங்களைக் கட்டியா போட்டிருக்கேன்?" என்றாள். அவள் கட்டிப் போடவில்லைதான். கட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அவிழ்த்துக்கொள்ள மாட்டேனா?

மூன்றாம் முறை நேற்று. பவானிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். குச்சியை விட்டேன். கோடு வந்துவிட்டது. வண்டியை ஊர்ப் பக்கமாகத் திருப்பியும்விட்டேன், மச்சான். அப்போது உன் குரல் கேட்டது என்றெல்லாம் அளக்க மாட்டேன், ஒரு குரலும் கேட்கவில்லை. எனக்குத் தோன்றியது இதுதான்: அன்றைக்கு நான்தான் கூடவே இருந்தேன், அதனால் உனக்குச் சொல்ல ஆள் இல்லை. இன்றைக்கு நீ கூட இல்லை. எனக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. அந்தப் பங்க்குக்குள் போனேன். "ஃபுல் பண்ணுங்க" என்றேன். பங்க்காரன் டேங்க்கின் வயிற்றைப் பார்த்து, "எவ்வளவு தூரம் போறீங்க?" என்று கேட்டான். கேள்வியைப் பார்த்தாயா.

சரி, கை கால் கழுவிவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டேன். சட்டை ஆணியில் தொங்குகிறது. இனி சொல்கிறேன்.

கோழிக்கோடு வரைக்கும் வந்துவிட்டேன்டா.

கடற்கரையிலிருந்து நேராக லாட்ஜ் அறைக்கு வந்து எழுதுகிறேன். ரெட்டைப் புளியமரம் கேட்பாரே உன் அப்பா, இங்கே வருகிற வழியில் மரங்கள் நன்றாகவே இருக்கின்றன என்று அவரிடம் சொல்லு. சீமை ஓட்டுக் கூரைகள் இன்னும் நிறையத் தெரிகின்றன. பாலக்காட்டுக் கணவாயில் காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளியது. டேங்க் கனத்தினால்தான் சாயாமல் நின்றேன், அந்த விஷயத்தில் நீ ஜெயித்தாய். சாயங்காலம் தண்ணீருக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். பிள்ளைகள் பந்து விளையாடின. சூரியன் இறங்க இறங்க அடியில் சப்பையாகி, தண்ணீரைத் தொட்டது. கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் கொடுத்து நின்றேன், உன் வண்டி டேங்க்கில் நீ காதை வைத்துக் கேட்பாயே, அது மாதிரி. அலை, பிள்ளைகளின் கூச்சல், எங்கோ ஒரு பள்ளிவாசல் பாங்கு. வேறொன்றும் இல்லை. முழுதும் உள்ளே போய், வெளிச்சம் மங்குகிற வரைக்கும் நின்று பார்த்தேன். முகமெல்லாம் ஈரம். பக்கத்தில் நின்ற ஒருவர் உடம்பு சரியில்லையா என்று மலையாளத்தில் கேட்டார்.

வண்டிக்கு வந்ததும் கை தானாகக் குச்சியை எடுத்து டேங்க்கில் விட்டது. பாதிக்குக் கொஞ்சம் மேலே. நாளைக் காலையில் கிளம்புவேன், குச்சியும் கூடவே வரும். விட்டெறிந்துவிடலாம் என்றுதான் தண்ணீர் வரை எடுத்துப் போனேன், கை வரவில்லை.

நீ இப்போது அவர் பக்கத்தில்தானே உட்கார்ந்திருப்பாய். கேட்பார். கேட்டால், சத்தம் வந்துச்சு நைனா என்று சொல்லு.